ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல மூவாயிரம் மணி நேரம்: போனது போச்சா, ஏதாச்சும் மிச்சம் இருக்கா?

ஈரோடு_ஸ்கவுட்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கற விஷயம், வெளிய யார்கிட்டயும் கேட்டா சிரிப்பாங்க, இங்கன்னா அட்லீஸ்ட் கேம் பேரு தெரிஞ்ச ஆளுங்க இருப்பீங்கன்னு போடறேன். நேத்து ஸ்டீம்ல (கேம் வாங்கி ஆடற தளம்) சும்மா ப்ரொஃபைல் பாத்துட்டிருந்தேன், ஊரு கட்டி படை சேத்து சண்ட போடற இந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன்ல விளையாண்ட நேரம் மூவாயிரம் மணியத் தாண்டிருச்சு. இது 2019 நவம்பர்ல வந்த பதிப்புக்கு மட்டும். அதுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல ரூம் ரூமா கேபிள் இழுத்து இதோட பழைய பதிப்பு கான்குவரர்ஸ் விளையாண்டது, பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்து விளையாண்டது எல்லாம் எந்தக் கணக்குலயும் இல்ல.

வயசு முப்பத்தாறு, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, பையன் ரெண்டாங்கிளாஸ். தண்ணி கிடையாது, சீட்டு கிடையாது, கிரிக்கெட் கூட பாக்கறதில்ல. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஒரு கேம், சில நாள் ரெண்டு, அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு. ரேங்க்டுல, அதாவது ஜெயிச்சா பாயிண்ட் ஏறி தோத்தா எறங்கற ஆட்டத்துல, ஆயிரத்து நூறுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் நடுவுல வருஷக்கணக்கா அதே எடத்துல நிக்கறேன், மேலயும் போகல கீழயும் விழல.

என் கூட வேலை பாக்கறவரு இதே அஞ்சாறு வருஷத்துல சி.ஏ. ஃபைனல் முடிச்சிட்டாரு. நான் இன்னும் கேம்ல ரெண்டாவது கட்டமான ஃபியூடல் ஏஜுக்கு எத்தன வில்லேஜரோட (வேலையாளு) ஏறலாம்னு யோசிச்சிட்டிருக்கேன். பணம் ஒண்ணும் பெருசா போகலைங்க, கேம் வாங்குன காசு அன்னிக்கே வசூலாயிருச்சு. நேரம்தான். பிடிச்சிருக்கு, இன்னமும் அந்த மொத நிமிஷத்துல ஆடு தேடி ஸ்கவுட்ட (வேவு பாக்கற குதிரைக்காரன்) அனுப்பறப்ப சந்தோஷமா இருக்கு, ஆனா மறுநாள் காலைல அந்த நம்பர் ஞாபகம் வந்தா வயித்த என்னமோ பண்ணுது. இதெல்லாம் வொர்த்தா? உங்க கருத்த சொல்லுங்க, திட்டறதா இருந்தாலும் பரவால்ல.

பன்னிக்கு_பலியானவன்

மூவாயிரம் மணி நேரம் ஆடியும் ஆயிரத்து நூறுதானா, அண்ணே இது பொழுதுபோக்கு இல்ல தியாகம்

11 (கேம்ல இந்த நம்பர் அடிச்சா சிரிப்புச் சத்தம் வரும்)

பென்ஷன்_பீரங்கி

திட்டலாம்னு நீங்களே சொல்லிட்டதால சொல்றேன். நான் பேங்க்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், என் பையனும் இதே கேம்தான், அதனால பேரு எனக்கு நல்லாவே தெரியும்.

மூவாயிரத்த எட்டால வகுங்க. 375. எட்டு மணி நேர வேலை நாள்னு வச்சா 375 நாள், ஞாயிறு லீவெல்லாம் கழிச்சுப் பாத்தா ஒரு வருஷத்துக்கும் மேல முழு நேர வேலை. சம்பளம் இல்ல, சர்டிஃபிகேட் இல்ல, நாலு பேர் முன்னாடி எடுத்துக் காட்ட ஒரு பொருள் இல்ல. வீணை கத்துக்கிட்டிருந்தா வீட்டுல ஒரு பாட்டு கேட்டிருக்கும். தோட்டம் போட்டிருந்தா கத்திரிக்கா காச்சிருக்கும். நீங்க கட்டுன கோட்டையெல்லாம் கேம் முடிஞ்சதும் எங்க போச்சு?

கோவத்துல சொல்லல தம்பி. கணக்குப் பாக்கற தொழில்ல இருக்கீங்க, வரவுப் பக்கத்துல என்ன எழுதுவீங்கன்னு கேக்கறேன்.

மதுரை_மங்குடாய்

பீரங்கி சார் உங்க மேல மரியாதை இருக்கு ஆனா இந்த "கத்திரிக்கா காச்சிருக்கும்" லாஜிக் எனக்கு ஒத்து வரல. 2024 டிசம்பர்ல குகேஷ் சிங்கப்பூர்ல ஜெயிச்சு பதினெட்டு வயசுல உலக சாம்பியன் ஆனப்ப ஊரே கொண்டாடுச்சு, நானும்தான் ஸ்டேட்டஸ் வச்சேன். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்ப பஸ்ஸு, பாலம்னு எல்லாத்துலயும் கருப்பு வெள்ள கட்டம் அடிச்சு வச்சிருந்தாங்க. செஸ்ஸும் ஒரு போர் கேம்தான? குதிர, யானை, கோட்டை, ராஜா எல்லாம் இருக்கு, அங்கயும் ஆட்டம் முடிஞ்சா காய டப்பால போட்டு மூடிருவோம், வீட்டுக்கு ஒரு கத்திரிக்காயும் வராது. அதுவே என் ஃப்ரெண்டு ஒருத்தன் ராத்திரி ஃபோன்ல செஸ் ஆடுனா அவங்கப்பா "மூளைக்கு நல்லது"ங்கறாரு, நான் எம்பயர்ஸ் ஆடுனா "உருப்பட மாட்ட"ங்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆயிரத்து நூறு ஈலோ (ரேட்டிங் பாயிண்ட்) தான்யா! அந்த ஈலோ கணக்கே செஸ்ஸுக்காக அர்பாத் ஈலோ போட்டுக் குடுத்தது, அத எடுத்துதான் இங்க வச்சிருக்காங்க.

இன்னொண்ணு. இந்த கேம் இன்னிக்கு உயிரோட இருக்கறதே "வேலையத்த" ஆளுங்களாலதான். 1999ல வந்த கேம். அத செஞ்ச என்செம்பிள் ஸ்டூடியோஸ மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில மூடிட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கணும். வூப்லிங்கற ஆன்லைன் தளத்துல உக்காந்து விடாம ஆடுன கூட்டம் இருந்துச்சு, அதுல சில பேரு சேந்து சம்பளமே இல்லாம ஃபர்காட்டன் எம்பயர்ஸ்னு ஒரு மாட் (ரசிகர்களே கேமுக்கு செய்யற சேர்க்கை) செஞ்சாங்க, புது நாகரிகம் புது மேப்புன்னு. அது நல்லா இருக்குன்னு 2013ல மைக்ரோசாஃப்ட்டே அத அதிகாரபூர்வ எக்ஸ்பான்ஷனா வெளியிட்டுச்சு. இப்ப டெஃபினிட்டிவ் எடிஷன்ல வேலை செய்யறதும் அதே பேருல இருக்கற அந்த டீம்தான். ராத்திரி தூங்காம விளையாண்டவன்தான் கடைசில அந்த கேமோட சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டான். 2022ல ஹெய்டெல்பெர்க் கோட்டைக்குள்ள, நிஜ கோட்டைங்க, வொலோலோன்னு எம்பயர்ஸ் டோர்னமென்ட் நடத்துனாங்க. இதெல்லாம் வேஸ்ட்னா எது வேஸ்ட் இல்ல?

பென்ஷன்_பீரங்கி

> ராத்திரி தூங்காம விளையாண்டவன்தான் கடைசில அந்த கேமோட சொந்தக்காரன்

அவங்க செஞ்சாங்க. இவரு ஆடுனாரு. அந்த மாட் எழுதுனவங்க கையில கடைசில ஒரு வேலை நின்னுச்சு, ஒரு பொருள் நின்னுச்சு, அத நான் பாராட்டறேன். நம்ம ஈரோட்டுத் தம்பி ஒரு மேப்பாவது செஞ்சிருக்காரான்னு கேளுங்க. குகேஷ் உதாரணமும் அப்படித்தான், ஊருல செஸ் ஆடற லட்சம் பேர்ல ஒருத்தரு. மீதிப் பேருக்கு என்ன கெடச்சுது?

மதுரை_மங்குடாய்

மீதிப் பேருக்கு செஸ் ஆடுன சந்தோஷம் கெடச்சுது சார். அது எதுலயும் சேராதா?

சாயங்காலம் ஆறு மணில இருந்து பத்து மணி வரைக்கும் சீரியல் ஓடுது எங்க வீட்டுல, யாரும் உக்காந்து எட்டால வகுக்கல. ஐபிஎல் ரெண்டு மாசம், ஒரு மேட்ச் மூணரை மணி நேரம், அதுல நம்ம கையால ஒரு பந்து கூட போடறதில்ல. ஸ்டீம் மட்டும் மீட்டர் போட்டுக் காட்டுது, அது ஒண்ணுதான் வித்தியாசம். டிவிலயும் அந்த மாதிரி ஒரு நம்பர் வந்தா பாதி வீட்டுல அழுதுருவாங்க.

மூவாயிரத்த அஞ்சு வருஷத்துக்கும் மேல பரப்பிப் பாருங்க, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் சொச்சம். அவ்வளவுதான.

நித்யா_கே

எல்லாரும் ஆம்பளைங்க மட்டும் பேசிட்டிருக்கீங்க போல, ஒரு வீட்டுக்காரம்மா உள்ள வரலாமா. நானும் கேம் ஆடுறவதான், ஸ்டார்ட்யூ வேலின்னு பண்ணை வைக்கற கேம், என் வீட்டுக்காரர் எம்பயர்ஸ். அதனால கேம் கெட்டது நல்லதுன்னு நான் பேச வரல.

ஒன்றரை மணி நேரம் "அவ்வளவுதான"ன்னு ஈஸியா சொல்லிட்டீங்க. 2019ல மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு எடுத்தாங்க, யாரு ஒரு நாள எப்படி செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்கு செலவு பண்றது சராசரி 299 நிமிஷம். செய்யற ஆம்பளைங்க 97 நிமிஷம். கவனிங்க, இது வீட்டு வேலை "செய்யற" ஆம்பளைங்களோட சராசரி, எட்டிக் கூட பாக்காதவங்க இந்தக் கணக்குலயே வரல. ரெண்டுக்கும் நடுவுல மூணு மணி நேரத்துக்கும் மேல இருக்கு. ஈரோடு சாரோட ஒன்றரை மணி நேரம் எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு இதுலருந்தே தெரிஞ்சு போச்சு.

என் ஸ்டார்ட்யூ பண்ணைல நான் இன்னும் ரெண்டாவது வருஷத்தக் கூட தாண்டல. வாங்கி எவ்ளோ காலம் ஆச்சுன்னு கேக்காதீங்க. பிடிக்காம இல்ல. லேப்டாப்ப தொறந்தா "அம்மா"ன்னு ஒரு குரல் வரும், இல்ல மாமியாருக்கு மாத்திர குடுக்கணும், இல்ல மாவு பொங்கி வழியும். அதனால வீடியோ கேம்ல போற நேரம் வொர்த்தான்னு கேக்கறதுக்கு முன்னாடி, அந்த நேரம் யாரு பையில இருந்து எடுத்ததுன்னு கேளுங்க. உங்க பையில இருந்துன்னா தாராளமா விளையாடுங்க, பத்தாயிரம் மணி நேரம் கூட ஆடுங்க, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

பன்னிக்கு_பலியானவன்

ஜிஜி ("குட் கேம்", ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்)

(அக்கா ஸ்டார்ட்யூல மொத வருஷம் ஸ்ட்ராபெரி விதைய முட்டைத் திருவிழால வாங்கி வச்சுக்கோங்க, ரெண்டாவது வருஷம் வசந்தத்துக்கு உதவும்)

ஈரோடு_ஸ்கவுட்

நித்யா மேடம், நியாயமான கேள்விங்க. எங்க வீட்டுல காலைல பையன கெளப்பறது, ஸ்கூல்ல விடறது நான். சாயங்காலம் ஹோம்வொர்க் அவங்க. ராத்திரி பாத்திரம் பெரும்பாலும் நான்தான் கழுவறேன், அது முடிச்சிட்டுதான் சிஸ்டம் ஆன் பண்ணுவேன். என் வீட்டுக்காரம்மா இந்த கேம பத்தி ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லைங்க, நெஜமா. அவங்க பக்கத்துல உக்காந்து சில சமயம் "அந்த மஞ்சக்கலர்காரன் பின்னாடி வர்றான் பாருங்க"ன்னு கூட சொல்லுவாங்க. அதனாலதான் எனக்கே புரியல, யாரும் கேக்காதப்ப ஏன் உறுத்துதுன்னு.

நித்யா_கே

அப்ப நேரத்த நீங்க தூக்கத்துல இருந்து எடுக்கறீங்க. எத்தன மணிக்கு படுக்கறீங்க?

ஈரோடு_ஸ்கவுட்

பன்னண்டரை. சில நாள் ஒண்ணு. கேம் இழுத்துட்டா சொல்ல முடியாதுங்க.

நித்யா_கே

காலைல வயித்த என்னமோ பண்றது மூவாயிரம் மணி நேரம் இல்ல சார், தூக்கமில்லாததுதான் 😄

யாழ்_வில்லாளி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோவில இருக்கிறன். இந்த இழைய முதல்ல இருந்து வாசிச்சனான், ஒரு விசயம் ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டபடியால் எழுதுறன்.

நாங்கள் அண்ணன் தம்பி மூண்டு பேர். ஒருத்தன் லண்டன், நான் இஞ்ச, கடைசித் தம்பி ஊரில அம்மாவோட. சனிக்கிழமை எனக்குக் காலமை பத்து மணி, லண்டனில பின்னேரம் மூண்டு, ஊரில இரவு ஏழரை, பனிக்காலத்தில நேரம் மாத்தினால் எட்டரை ஆகும். அந்த நேரத்தில மூண்டு பேரும் ஒண்டாச் சேந்து கம்ப்யூட்டருக்கு எதிரா, இல்லாட்டி வேற ஆக்களுக்கு எதிரா அடிப்பம். முந்தி நாங்கள் ஃபோனில கதைச்சால் என்ன தெரியுமோ கதைப்பம்? "சுகமோ", "ஓம் சுகம்", "அங்க குளிரோ", "ஓம் குளிர்", "சரி வைக்கட்டே". ஆம்பிளைப் பிள்ளையளுக்கு முகத்துக்கு நேர கதைக்கத் தெரியாது. ஆனா கேம் போய்க்கொண்டிருக்கேக்க, கை வேலையில இருக்கேக்க, வாய் தானாத் திறக்குது. தம்பிக்கு வேலை போனது, அண்ணைக்கு பிரஷர் வந்தது, அம்மா கோயிலில விழுந்தது, எல்லாம் எனக்குத் தெரிய வந்தது மதில் கட்டிக்கொண்டிருக்கேக்கதான். அம்மாவும் சில நாள் பின்னால வந்து நிண்டு "என்னடா மூண்டு பேரும் சண்டை பிடிக்கிறியளோ" எண்டு கேப்பா.

பீரங்கி ஐயா வரவுப் பக்கத்தில என்ன எழுதுறது எண்டு கேட்டவர். நான் எழுதுவன் எண்டால் இதைத்தான். ஆனா ஒண்டு, நான் தனிய இருந்து ரேங்க்ட் ஆடுற நாளில எனக்கு இந்தச் சந்தோசம் இல்லை. அது உண்மை.

பென்ஷன்_பீரங்கி

யாழ் தம்பி எழுதுனது நல்லா இருந்துச்சு. இது கேமோட பெருமையா உங்க அண்ணன் தம்பி பாசத்தோட பெருமையான்னு கேக்கத் தோணுது, ஆனா கேக்கல.

சைக்காலஜி_சந்துரு

இந்த சப்ஜெக்ட்ல எம்எஸ்சி முடிச்சவன்ங்கறதால ரெண்டு வார்த்த. ரெண்டு பக்கமும் ஆராய்ச்சிய தூக்கிட்டு வந்து அடிச்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

"மூளைக்கு நல்லது"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். 2013ல ஸ்டார்கிராஃப்ட்னு இதே மாதிரி ஒரு போர் கேம வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, கேம் ஆடிப் பழக்கமில்லாத பெண்கள நாப்பது மணி நேரம் ஆட வச்சாங்க, ஒரு விஷயத்துல இருந்து இன்னொண்ணுக்கு சட்டுனு கவனத்த மாத்தற திறன் கூடுச்சுன்னு முடிவு. எம்பயர்ஸ் ஆளுங்க இத ரொம்ப ஆசையா ஷேர் பண்ணுவீங்க. ஆனா 2018ல சாலா, தத்லிதில், கோபே மூணு பேரும் நெறைய ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசுனாங்க, வீடியோ கேம் பயிற்சியால பொதுவான அறிவுத்திறன் கூடறதுக்கு சொல்லிக்கற மாதிரி ஆதாரம் இல்லன்னு வந்துச்சு. கோபே செஸ் ஆராய்ச்சில பெரிய பேரு, செஸ்ஸுக்கும் ஏறக்குறைய இதே கததான். மங்குடாய் தோழர் கவனிக்க, உங்க ஃப்ரெண்டோட அப்பா சொன்ன "மூளைக்கு நல்லது" அங்கயே ஆட்டம் கண்டுருச்சு. எம்பயர்ஸ் ஆடுனா எம்பயர்ஸ் நல்லா வரும். அதுவும் நம்ம ஓபிக்கு (இழை ஆரம்பிச்ச ஈரோடு சாருக்கு) வரல, சாரி சார்.

"மனசுக்குக் கெட்டது"ன்னு இன்னொரு கூட்டம். 2022ல ஆக்ஸ்ஃபோர்டு ஆளுங்க கேம் கம்பெனிகள்கிட்டயே நேரடியா விளையாண்ட நேர டேட்டா வாங்கி, கிட்டத்தட்ட 39,000 பேர ஆறு வாரம் ஃபாலோ பண்ணாங்க. எவ்ளோ நேரம் ஆடறாங்கங்கறதுக்கும் மனநலத்துக்கும் நடுவுல ஒண்ணும் பெருசா இல்ல. ஏன் ஆடறாங்கங்கறதுதான் சம்பந்தப்பட்டுச்சு. பிடிச்சு ஆடறவங்க நல்லா இருந்தாங்க, ஆடியே ஆகணும்னு உள்ளுக்குள்ள ஒரு கட்டாயத்துல ஆடறவங்க அப்படி இல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2019ல கேமிங் டிஸார்டர நோய்ப் பட்டியல்ல சேத்துச்சு, 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்துச்சு. அதுல பாருங்க, மணிக்கணக்கு ஒண்ணுமே கிடையாது. கட்டுப்பாடு போயிருக்கணும், மத்த எல்லாத்தையும் விட கேம் முன்னாடி வந்திருக்கணும், கெட்டது நடந்தும் நிறுத்த முடியாம இருக்கணும், இதெல்லாம் சாதாரணமா ஒரு வருஷம் அளவுக்கு நீடிச்சிருக்கணும். பாத்திரம் கழுவிட்டு சிஸ்டம் ஆன் பண்ற ஆளுக்கு இதுல எதுவும் பொருந்தல.

மதுரை_மங்குடாய்

சந்துரு என் செஸ் ஆர்க்யுமெண்ட்ட முதுகுல குத்திட்டீங்களே. ஆனா பாருங்க இப்பவும் என் பாயிண்ட் நிக்குது, ரெண்டும் ஒண்ணுதான்னுதான நான் சொன்னேன், ரெண்டுமே மூளைக்கு ஒண்ணும் பண்ணலன்னா ரெண்டும் ஒண்ணுதான 😂

கங்கைகொண்டான்_85

ஓபி நீங்க கேம்ல வர்ற தமிழ் நாகரிகம் திராவிடியன்ஸ் எடுக்கறீங்களா? 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற எக்ஸ்பான்ஷன் வந்ததுல இருந்து நான் வேற எதையும் தொடறதில்ல. அதுக்கு முன்னாடி இந்தியான்னா ஒரே ஒரு நாகரிகம், ஒட்டகத்த எடுத்துட்டு அலையணும். ஏஜ் ஏறறப்ப எல்லாம் 200 மரம் சும்மா வருது, பேரக்ஸ் (காலாட்படைக் கூடம்) அப்கிரேடு பாதி வெல, வூட்ஸ் ஸ்டீல்ங்கற டெக்னாலஜி போட்டுட்டா எதிரி கவசத்துக்கு மதிப்பே இல்ல. வில்லேஜர் தமிழ்ல பதில் சொல்றப்ப மொத தடவ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

நேரம் வேஸ்ட்டான்னு கேட்டீங்கன்னா, அதுல ராஜேந்திரன் கேம்பெய்ன் இருக்கே, அத முடிச்சிட்டு என் பொண்ணு "இது நெஜமாவே நடந்துச்சா"ன்னு கேட்டுச்சு. அந்த லீவுல ஜெயங்கொண்டம் போயி கங்கைகொண்ட சோழபுரம் பாத்தோம், சோழகங்கம் ஏரிக்கரை வரைக்கும் போனோம். தஞ்சாவூர்க்காரங்கள விட என் பொண்ணுக்கு இப்ப 1025 படையெடுப்பு பத்தி அதிகம் தெரியும், கடாரம் எங்க இருக்கு ஸ்ரீவிஜயம் எங்க இருக்குன்னு மேப்புல காட்டும்.

பென்ஷன்_பீரங்கி

அதுக்கு ஒரு புஸ்தகமும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதும். மூவாயிரம் மணி நேரம் எதுக்கு?

கங்கைகொண்டான்_85

புஸ்தகம் வீட்டுல இருந்துச்சு சார். யாரும் தொறக்கல.

சைக்காலஜி_சந்துரு

சரித்திரம் கத்துக்கறதுன்னா கொஞ்சம் உப்பு போட்டு சாப்டுங்க. சோழர் படைல ஆயிரம் பேரு உருமிய (சாட்டை மாதிரி வளையற வாள்) சுழட்டிட்டு வரிசையா ஓடி வந்த மாதிரி காட்டறது கேம்காரங்க ஆசைக்கு. பக்கத்துல நிக்கற நம்ம ஆளு கழுத்துதான் மொதல்ல போகும்.

கங்கைகொண்டான்_85

திரிசடைக் கப்பல பத்தி பேசலாமா அப்ப? தண்ணி மேப்புல அத வச்சு நான்

மாடரேட்டர்_மணியம்

நாகரிகம், பில்டு ஆர்டர் (எத மொதல்ல கட்டறதுங்கற வரிசை) பேச்சுக்கு தனி இழை இருக்கு. இங்க தலைப்ப ஒட்டிப் பேசுங்க.

வீல்சேர்_வீரன்

ரொம்ப நேரமா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நார்வேல மாட்ஸ் ஸ்டீன்னு ஒருத்தர், தசைச்சிதைவு நோய், 2014ல இருவத்தஞ்சு வயசுல எறந்துட்டாரு. வீட்டுக்குள்ளயே வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேம் ஆடி ஆடி தனிமைலயே போயிட்டான்னு அப்பா அம்மா நெனச்சு அழுதாங்க. மகனோட பிளாக்ல எறந்த சேதிய போட்டாங்க. அப்பறம் பாத்தா பல நாட்டுல இருந்து மெயிலு மேல மெயிலு, இவர் என்கிட்ட இப்படி பேசுனாரு, எங்க குடும்பத்த இப்படி சேத்து வச்சாருன்னு. கேம் நண்பர்கள் சில பேரு வேற நாட்டுல இருந்து அடக்கத்துக்கே வந்தாங்க. பெத்தவங்களுக்கு அது வரைக்கும் அப்படி ஒரு வாழ்க்க இருந்ததே தெரியாது.

பென்ஷன்_பீரங்கி

அந்தப் பையன் கத வேற. அவருக்கு வேற வழி இல்ல. இவருக்குக் கையும் காலும் நல்லா இருக்கே.

வீல்சேர்_வீரன்

என் பேரப் பாத்தீங்கல்ல சார். வேற வழி இல்லாதவனுக்கு மட்டும்தான் பர்மிஷன்னா, எனக்கு அது சலுக மாதிரி இருக்கு. "பாவம் அவன் ஆடட்டும்"னு. அவரு நல்லா ஆடுனாரு, நல்லா பழகுனாரு, அதனால நண்பர்கள் வந்தாங்க. உடம்பு சரியில்லாததால யாரும் நார்வேக்கு ஃபிளைட் ஏறி வரல.

பென்ஷன்_பீரங்கி

சரி. இது எனக்குப் பதில் இல்லாத பாயிண்ட்டு.

ஆனா ஒரு விஷயம் விட்டுட்டீங்க எல்லாரும். நான் பயப்படறது இந்த கேம பாத்து இல்ல. என் பேரன் ஃபோன்ல ஆடறத பாத்து. தெனம் வந்தா பரிசு, வரலன்னா போச்சு, சீசன் முடியறதுக்குள்ள இத்தன முடிக்கணும், துப்பாக்கிக்கு பெயிண்ட் அடிக்க காசு. ரம்மி எல்லாம் கேக்கவே வேணாம், எங்க பேங்க்ல பர்சனல் லோன் எடுத்து அதுல விட்டவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு காசு வச்சு ஆடறதுக்குத் தடைன்னாங்க, ஆனா வீட்டுல பெருசுங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான், ஸ்கிரீன பாத்து விரல ஆட்டுனா "கேமு". அதுல உங்க எம்பயர்ஸும் சேந்து அடி வாங்குது.

மதுரை_மங்குடாய்

இத சொன்னதுக்கு உங்க கால தொட்டுக் கும்பிடறேன் சார். நெஜமாவே இதுதான் வித்தியாசம். எம்பயர்ஸ் ஒரு கேம் நாப்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம், ஜெயிச்சியா தோத்தியா முடிஞ்சுது, ஸ்கோர் ஸ்கிரீன் வரும், வீட்டுக்குப் போன்னு சொல்லும். நாளைக்கு வரலன்னா உனக்கு ஒரு ஆடு கொறையாது. ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் அதே 50 சாப்பாட்டுக்குதான் ஒரு வில்லேஜர். நம்மள இழுத்துப் புடிச்சு வைக்க அதுக்கு எந்த அவசரமும் இல்ல, நாமதான் போறோம். ஃபோன் கேம் அப்படி இல்ல, அங்க நாமதான் ஆடு.

நித்யா_கே

ரேங்க்டுக்கு இது பொருந்துமா? என் வீட்டுக்காரர் தோத்துட்டா "இன்னும் ஒண்ணே ஒண்ணு, பாயிண்ட்ட திரும்ப எடுத்துட்டு வந்துடறேன்"னு உக்காருவாரு. ரம்மிக்காரன் பேசற டயலாக் தானே அது.

சைக்காலஜி_சந்துரு

நித்யா மேடம் அடிச்சது சிக்ஸர். ஓபியோட உறுத்தல் அங்கதான் இருக்குன்னு நெனைக்கறேன்.

ஈலோ சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு யோசிங்க. நீங்க நல்லா ஆட ஆட அது உங்களுக்கு இன்னும் நல்ல ஆளத் தேடிக் குடுக்கும். நல்லா ஆடலன்னா சுமார் ஆளக் குடுக்கும். கடைசில யாரா இருந்தாலும் பாதி ஜெயிப்பீங்க பாதி தோப்பீங்க, அதுதான் அந்த சிஸ்டம் சரியா இருக்குங்கறதுக்கே அர்த்தம். அதோட மொத்தக் கூட்டமும் கத்துக்கிட்டே இருக்கு, யூடியூப்ல பாத்து எல்லாரும் ஒரே பில்டு ஆர்டர அடிக்கறாங்க. 2019 ஆயிரத்து நூறும் இன்னிக்கு ஆயிரத்து நூறும் ஒண்ணு இல்ல. இவரு அதே எடத்துல நிக்கறதா நெனைக்கறாரு, நெஜத்துல கூட ஓடிட்டுதான் இருக்காரு, ஆனா நம்பர் மாறாததால ஓடுனது தெரியல. வேலைலயும் முன்னேறல, கேம்லயும் முன்னேறலன்னு ரெண்டு பக்கமும் ஒரே ரிப்போர்ட் கார்டு. அதான் சி.ஏ. முடிச்சவர் ஞாபகம் வர்றாரு. ஸ்டார்ட்யூ ஆடறவங்களுக்கு சி.ஏ. ஞாபகம் வராது.

நித்யா_கே

ஸ்டார்ட்யூ ஆடறவங்களுக்கு மாவு ஞாபகம் வரும்.

பன்னிக்கு_பலியானவன்

நான் எட்நூறு ஈலோ, எனக்கு எதுவுமே ஞாபகம் வர்றதில்ல, ஜாலியா இருக்கேன்

ஈரோடு_ஸ்கவுட்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேனுங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் போட்டா விடிஞ்சிரும், நித்யா மேடம் வேற தூங்கச் சொல்லிருக்காங்க.

சி.ஏ. விஷயம் மட்டும் சொல்லிடறேன். அவரு படிச்ச அஞ்சு வருஷமும் நான் பக்கத்து சீட்டுல இருந்து பாத்தேன். எனக்கு அது வேணும்னு ஒரு நாளும் தோணல, இந்த கேம் இல்லன்னாலும் நான் அந்த பரீட்சைக்கு உக்காந்திருக்க மாட்டேன். அந்த நேரத்துல வேற எதையாவது ஆடிட்டிருந்திருப்பேன், இல்ல படம் பாத்திருப்பேன். அதனால கேமு என்கிட்டருந்து சி.ஏ.வ புடுங்கிருச்சுன்னு கணக்கு எழுதுனா அது பொய்க் கணக்கு, பீரங்கி சார் ஒத்துக்குவாருன்னு நெனைக்கறேன்.

ரேங்க்ட விடறேன். தோத்தா திரும்ப எடுக்கணும்ங்கற அந்தக் கட்டாயம் என்கிட்டயும் இருக்குதுங்க, பன்னண்டரை ஒண்ணாகறது அதனாலதான். ஹாஸ்டல் பசங்க நாலஞ்சு பேரு இன்னும் நம்பர்ல இருக்காங்க, ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் மஸ்கட். சனிக்கிழமை ராத்திரி நாலுக்கு நாலு போடலாம்னு க்ரூப்ல கேட்டேன், ரெண்டு பேரு ஓகே சொல்லிட்டாங்க, ஒருத்தன் லேப்டாப்ல இன்ஸ்டால் ஆகுமான்னு கேட்டிருக்கான். இங்கருந்து யாராச்சும் வந்தா நல்லா இருக்கும், ஆள் பத்தல.

யாழ்_வில்லாளி

சனி எங்களுக்கும் சரிவரும், நாங்கள் மூண்டு பேரும் வாறம். ஆனா தம்பிக்கு ஒன்பதரைக்குப் பிறகு ஏலாது, விடிய வேலை. அதுக்குள்ள முடிக்க வேணும்.

பென்ஷன்_பீரங்கி

பொய்க் கணக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா வரவு இன்னும் எழுதல நீங்க.

ஈரோடு_ஸ்கவுட்

எழுதலைங்க. எழுத வேண்டாம்னு இருக்கேன்.

கங்கைகொண்டான்_85

நானும் வர்றேன், திராவிடியன்ஸ் எடுத்துக்கறேன், பாக்கெட் (டீமோட நடு எடம்) எனக்கு

மதுரை_மங்குடாய்

நைட்டே (கவசக் குதிரை வீரன்) இல்லாத நாகரிகத்த எடுத்துட்டு பாக்கெட்ல நின்னு என்னய்யா பண்ணுவ, உருமிய சுழட்டுவியா? ஃபிளாங்க்ல (ஓரத்துல) நில்லு. மஸ்கட்காரருக்கு பாக்கெட் குடுங்க, ஃப்ராங்க்ஸ் எடுக்கச் சொல்லுங்க.

பன்னிக்கு_பலியானவன்

14 (சீக்கிரம் ஆட்டத்த ஆரம்பிங்கன்னு அர்த்தம்)